ஓர் அறை தேடிச் சென்றோம்

தருமபுரி மாவட்டத்திலே கம்பைநல்லூர் என்றோர் ஊர். தென்பெண்ணையின் துணையாறுகளுள் ஒன்று இவ்வூரின் பெயரையே தாங்கியிருக்கிறது. மழை பெய்தால் அது ஆறு. பொய்த்தால் வெறும் மணல். பழம்பெருமை வாய்ந்த தேசிநாதேசுவரர் கோயில், பேரூராட்சி அலுவலகம், பேருந்துகள் வந்து திரும்பும் கடைத்தெரு, சுற்றிலும் கேழ்வரகுக் கொல்லைகள், தக்காளித் தோட்டங்கள், கரும்பு, மரவள்ளி, தென்னை. பெருஞ்செல்வர் மிக்க ஊர் அன்று. உழவு கைவிட்ட ஆண்டுகளில் ஆண்கள் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பிழைக்கப் போய்வருவார்கள். இவ்வூரைச் சுற்றிய சிற்றூர்களில் கத்தோலிக்கக் குடும்பங்கள் சிலவே. ஆயினும் ஞாயிறு தவறாதவர்கள்.

1997-ஆம் ஆண்டில் சேலத்திலிருந்து பிரிந்து நம் தருமபுரி மறைமாவட்டம் உருவாயிற்று. அதே ஆண்டில்தான் சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகமும் தோன்றிற்று. அந்நாளில் இப்பக்கத்துப் பிள்ளைகள் கல்லூரி வாசலை மிதிப்பதே அரிது. இன்றோ நிலை வேறு. பெற்றோர் இப்போது நம்மிடம் கேட்பது, "என் பிள்ளையைப் படிக்க வைக்கலாமா, சாமி?" என்பதன்று, "நகரத்தில் அவனை எங்கே தங்க வைப்பது, சாமி?" என்பதே. இந்தக் கேள்விக்கு விடை தேடிச் சென்ற ஒரு பயணத்தைத்தான் அன்பார்ந்த வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

மொரப்பூரில் ஏறினோம்

சென்ற ஆண்டு ஆடி மாதம். கம்பைநல்லூர்ப் பக்கத்துப் பிள்ளை ஒருவனுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் கணிதம் முதுகலை பயில இடம் கிடைத்தது. தந்தை கட்டட வேலைக்காகப் பெங்களூரில் இருந்தார். விடுதிக்கு மனுச் செய்யும் நாளைப் பிள்ளை தவறவிட்டுவிட்டான். ஆகவே வெளியே அறை பிடிக்கவேண்டும். தாய் நம்மிடம் வந்து, "நீங்களும் கூட வந்தால் தைரியமாக இருக்கும், சாமி" என்றார். கறவை மாடு ஒன்றை விற்ற பணம் 45,000 ரூபாய் அவர் முந்தானையில் முடிந்திருந்தது.

மாலையில் கம்பைநல்லூரிலிருந்து பேருந்தேறி மொரப்பூர் சேர்ந்தோம். சேலத்திற்கும் சோலையார்பேட்டைக்கும் இடையே உள்ள இருப்புப்பாதை நிலையம் அது. ஒரு காலத்தில் அங்கிருந்து தருமபுரி வழியே ஓசூர் வரை ஒரு குறும்பாதை ஓடியதும், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அது மூடப்பட்டதும் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். இரவு வண்டிக்காகக் காத்திருந்தபோது பிள்ளையைப் பார்த்து, "எப்படிப்பட்ட இடம் வேண்டும், தம்பி?" என்று கேட்டோம்.

அவன் சற்றும் தயங்கவில்லை. "தனியறை, சாமி. சின்னதாக இருந்தாலும் போதும். ஒரு மேசையும், சாத்திக்கொள்ள ஒரு கதவும் வேண்டும்."

தாய் திடுக்கிட்டார். "அவன் ஒரு நாளும் தனியாகப் படுத்ததில்லை, சாமி. பத்துப் பேர் இருக்கும் இடமாகப் பாருங்கள்."

இருவர் சொல்லிலும் பொருள் இருந்தது. அக்குடும்பம் வாழ்வது ஓரறை வீடு. உள்ளே ஆறு பேர். பன்னிரண்டாம் வகுப்பு வரை இப்பிள்ளை படித்தது நம் கோவில் திண்ணை விளக்கொளியில். அவனுக்கென்று ஒரு மேசை இருந்ததே கிடையாது. அவன் கேட்டதை ஆடம்பரம் என்று எப்படிச் சொல்வது?

நம் நெஞ்சில் இருந்த முள்

ஆயினும், "நல்லது, தனியறையே பார்ப்போம்" என்று நம் நா எழவில்லை. அதற்குக் காரணம் உண்டு. வண்டியில் அதை அவனிடம் மறைக்காமல் சொன்னோம்.

பல ஆண்டுகளுக்கு முன், நாம் வேறொரு பங்கில் இருந்தபோது, அங்கிருந்து ஒரு மாணவன் வேறொரு பெருநகருக்குப் படிக்கச் சென்றான். "கூட்டத்தோடு சேர்ந்தால் கெட்டுப்போவாய்; தனியறை எடுத்துக்கொள்" என்று அவனுக்கு உறுதியாகச் சொன்னவர் நாமே. கெட்ட நட்பை அஞ்சினோமே தவிர, நட்பே இல்லாமையை அஞ்ச நமக்குத் தோன்றவில்லை. மழைக்காலத்தில் அவனுக்கு நச்சுக்காய்ச்சல் கண்டது. கைபேசியில் மின்னேற்றம் தீர்ந்துபோயிற்று. எழுந்து அதைச் செருகவும் வலுவில்லை. இரண்டு பகலும் இரண்டு இரவும் அக்கதவு திறக்கவில்லை. அடுத்த அறையில் இருந்தவர்களுக்கு அவன் பெயர்கூடத் தெரியாது. மூன்றாம் நாள் தண்ணீர்க் கேன் போட வந்த தொழிலாளி ஒருவர் தட்டிப் பார்த்து, ஐயுற்று, ஆளைக் கூட்டிக் கதவைத் திறக்கச் செய்தார். இறைவன் அருளால் உயிர் பிழைத்தான். ஆனால் அந்த ஆண்டுப் படிப்பு போயிற்று. அவன் தாய் நம்மை ஒரு சொல்லும் குறை கூறவில்லை. அதுவே இன்றளவும் நம்மை உறுத்துகிறது.

கதை முடிந்தபின் பிள்ளை வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியானால் தனியறை வேண்டாம் என்கிறீர்களா, சாமி?" என்று கேட்டான். அப்போது நம்மிடம் விடை இல்லை. வண்டி சோலையார்பேட்டையைத் தாண்டிக்கொண்டிருந்தது.

சேப்பாக்கத்தில் ஒரு காலை

விடியற்காலையில் சென்ட்ரலில் இறங்கி, பூங்கா நகர் நிலையத்திலிருந்து பறக்கும் தொடர்வண்டியில் சேப்பாக்கம் சென்றோம். கடற்காற்று முகத்தில் அடித்தது. 1857-இல் நிறுவப்பட்ட பல்கலைக்கழகம்; 1874 முதல் 1879 வரை சிசம் என்னும் ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் எழுப்பிய செனட் இல்லம். தாய் அதன் கோபுரங்களை அண்ணாந்து பார்த்துவிட்டு, "கோவில் மாதிரி இருக்கிறதே, சாமி" என்றார்.

பிள்ளை பயிலப்போகும் கணிதத் துறைக்கு இராமானுசன் பெயர் சூட்டப்பட்டுள்ளது. அந்தப் பெயரைக் கண்டதும் நமக்கு ஒரு நினைவு எழுந்தது. கணித மேதை சீனிவாச இராமானுசன் இதே திருவல்லிக்கேணியில், அனுமந்தராயன் கோயில் தெருவில், தாயோடும் மனைவியோடும் வாழ்ந்தவர். 1913-இல் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை தந்தது. 1914 மார்ச்சில் கப்பலேறிக் கேம்பிரிட்சு சென்றார். முதற் சில வாரங்கள் நெவில் என்ற பேராசிரியரின் வீட்டில் தங்கினார். அங்கே பேச்சுத் துணை இருந்தது. பின்னர்த் திரித்துவக் கல்லூரியில் தனியறை பெற்றுக்கொண்டார். நூலகமும் ஆசிரியர் ஆர்டியும் அருகே. தம் சமையலைத் தாமே செய்துகொள்ளலாம். வேறென்ன வேண்டும்?

ஆனால் அவ்வாண்டே போர் மூண்டது. மரக்கறி உணவுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. எண்களில் மூழ்கியவர் வேளைக்கு உண்பதையும் உறங்குவதையும் மறந்தார். 1917-இல் நோயுற்றார், மருத்துவ இல்லம் மருத்துவ இல்லமாக மாறினார். 1919-இல் நாடு திரும்பி, 1920 ஏப்ரல் 26 அன்று தம் 32-ஆம் வயதில் சென்னையிலேயே மறைந்தார். அந்த அறைதான் அவருக்கு நோய் தந்தது என்று கூறமாட்டோம். உலகம் வியக்கும் கணக்குகளும் அந்த அறையிலேதான் பிறந்தன. ஆனால் 'சாப்பிட்டாயா?' என்று கேட்க அந்த அறையில் ஒரு குரல் இல்லை என்பதும் உண்மையே.

நாம் கண்ட நான்கு இடங்கள்

முதலில் திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றைப் பார்த்தோம். பார்த்தசாரதி கோயிலும், 1795-இல் எழுந்த வாலாசா பள்ளிவாசலும் ஒரே நடையில் எட்டக்கூடிய இப்பகுதி, வெளியூர் ஆண்களின் தங்குமிடமாகப் பல்லாண்டுகளாகப் பெயர் பெற்றது. குறுகிய மாடிப்படி, நீண்ட நடை, இருபுறமும் எண்ணிட்ட கதவுகள். அறைக்குள் ஒரு கட்டில், ஒரு மேசை, சுவரைப் பார்த்த ஒரு சன்னல். குளியலறை பொது. போட்டித் தேர்வு எழுதுவோர், கடைச் சிப்பந்திகள், பணி ஓய்வு பெற்றும் ஊர் திரும்பாதவர்கள் என்று பலரும் உண்டு. ஒருவர் ஈரத்துணி உலர்த்திக்கொண்டிருந்தார். "எத்தனை ஆண்டுகளாக இங்கே?" என்று கேட்டோம். "இருபத்திரண்டு" என்றார். பக்கத்து அறைக்காரரின் ஊர் எது என்று கேட்டதற்கு, "தெரியாதுங்க" என்றார். குருமடத்திலும் இப்படிப்பட்ட நீண்ட நடையில்தான் நாம் இளமையைக் கழித்தோம். ஆனால் அங்கே ஒரு மணி அடித்தால் எல்லாக் கதவுகளும் திறக்கும். இங்கே அந்த மணி இல்லை.

அடுத்து, தரகர் ஒருவர் நகரின் வேறொரு பகுதியில் 'ஸ்டூடியோ' என்று ஓர் இடத்தைக் காட்டினார். வெளிநாட்டுப் பல்கலைக்கழக நகரங்களில் மாணவர்க்குப் பழகிப்போன ஏற்பாடு இது. நம் சென்னையில் 'ஒன் ஆர்.கே.' என்று சொல்லுகிறார்கள். ஒரே அறையில் படுக்கை, படிப்பு, சமையல், ஒட்டினாற்போல் குளியலறை. குளிர்சாதனம் உண்டு, எண்களை அழுத்தினால் திறக்கும் பூட்டும் உண்டு. பிள்ளையின் கண்கள் மின்னின. வாடகை 14,000, அட்வான்சு பத்து மாதம், அதாவது 1,40,000 ரூபாய், தரகருக்கு ஒரு மாத வாடகை. உரிமையாளர் அயல்நாட்டில். "ஏதாவது பழுதென்றால்?" என்று கேட்டோம். "ஒரு எண் தருவோம், மெசேசு போடலாம்" என்றார் தரகர். தாய் நம் காதருகே, "மாட்டை மட்டுமில்லை, கொட்டகையையும் விற்கவேண்டும்" என்றார்.

மூன்றாவது, உணவோடு கூடிய பி.ஜி. விடுதி. ஓர் அறையில் ஆறு கட்டில்கள். தாய்க்கு மிகவும் பிடித்தது. ஆனால் மேசை ஒன்றுகூட இல்லை. ஒருவர் உறங்க, ஒருவர் கைபேசியில் படம் பார்க்க, ஒருவர் உரக்கப் பேசிக்கொண்டிருந்தார். பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை, வாசற்படியிலேயே நின்றான். ஓரறை வீட்டிலிருந்து புறப்பட்டு இன்னோர் ஓரறை வீட்டுக்கே வந்துவிட்டோமோ என்ற வாட்டம் அவன் முகத்தில் தெரிந்தது. அந்த முகத்தைக் கண்டபோதுதான் நமக்குத் தெளிவு பிறந்தது. உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தந்தையிடம் பேசச் சொன்னவர் நம் ஆண்டவரே அல்லவா? கதவு கேட்பது குற்றமன்று. அதே ஆண்டவர்தாம் சீடர்களை அனுப்பியபோது ஒருவரொருவராக அனுப்பாமல் இருவரிருவராக அனுப்பினார். ஆகவே, சாத்தக்கூடிய கதவும் வேண்டும். அதைத் தட்டக்கூடிய கையும் வேண்டும்.

பிற்பகலில், தேநீர்க்கடைக்காரர் சொன்ன வழியில், பாரதி சாலைக்கு அப்பால் ஒரு சந்தில் நான்காம் இடத்தைக் கண்டோம். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவரும் அவர் துணைவியாரும் கீழே வாழ்கிறார்கள், இசுலாமியப் பெருமக்கள். மொட்டைமாடியில் எதிரெதிராக இரண்டு சிறிய அறைகள். ஒன்றில் சிவகங்கைப் பக்கத்து மாணவன் முன்பே இருந்தான், மற்றொன்று காலி. மேசை இருந்தது, கதவும் இருந்தது. குறையும் இருந்தது: பகலில் கூரை கொதிக்கும், சமையலுக்கு வசதி இல்லை, மெஸ்ஸில்தான் உண்ணவேண்டும். வாடகை 6,500, அட்வான்சு மூன்று மாதம், 19,500.

தாய் அந்த அம்மையாரைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டார்: "இவனுக்கு உடம்புக்கு முடியவில்லை என்றால் உங்களுக்குத் தெரியுமா, அம்மா?"

அவர் சிரித்து, "காலையில் தண்ணீர் மோட்டார் போட நான்தான் மேலே போவேன். இரண்டு பிள்ளைகளும் எழுந்தாயிற்றா என்று பார்க்காமல் இறங்கமாட்டேன்" என்றார்.

தாய் முந்தானை முடிச்சை அவிழ்த்தார்.

பாரீசு மாநகரின் இரண்டு அறைகள்

திரும்புமுன் சாந்தோம் பேராலயம் சென்று புனித தோமையாரின் கல்லறையருகே சற்று அமர்ந்தோம். அங்கே பிள்ளைக்கு இரண்டு அறைகளின் கதையைச் சொன்னோம்.

1529-ஆம் ஆண்டு. பாரீசில் புனித பார்பரா கல்லூரி. சவாயா நாட்டில் ஆடு மேய்த்து வளர்ந்த பீட்டர் ஃபாபரும், நவார் நாட்டுப் பிரபு குலத்தில் பிறந்த பிரான்சிசு சவேரியாரும் ஒரே அறையில் தங்கிப் படித்தனர். இருவருக்கும் வயது 23. அதே அறைக்கு 38 வயதான ஒரு மாணவர் வந்து சேர்ந்தார். போரில் கால் முறிந்து நொண்டுபவர். அவர்தாம் இஞ்ஞாசியார். செருக்கு மிகுந்த சவேரியாருக்கு முதலில் அவரைப் பிடிக்கவேயில்லை. ஆனால் ஓரறை வாழ்வு மெல்ல மெல்ல வேலை செய்தது. 1534 ஆகஸ்டு 15 அன்று மோன்மார்த்தர் குன்றில் எழுவர் வார்த்தைப்பாடு எடுத்தபோது அம்மூவரும் அதில் இருந்தனர். 1542-இல் சவேரியார் நம் முத்துக்குளித்துறைக்கு வந்தார். மூவரும் இன்று புனிதர்கள்.

மற்றோர் அறை 1831-இல். லியோன் நகரிலிருந்து பாரீசுக்குச் சட்டம் பயிலச் சென்ற 18 வயது ஃபிரெடெரிக் ஓசானாமுக்கு, முதலில் அமைந்த தங்குமிடமும் அங்கிருந்தோரும் ஒத்துவரவில்லை. தனிமை வாட்டிற்று. அப்போது அறிஞர் ஆம்பியர், தம் மகன் இல்லாதிருந்த அறையை அவருக்கு ஈந்து, தம் மேசையிலேயே உணவும் அளித்தார். நம் வீட்டு மின்மீட்டரில் எழுதியிருக்கும் 'ஆம்பியர்' அவர் பெயரே. மாபெரும் விஞ்ஞானியாகவும் ஆழ்ந்த பக்தராகவும் விளங்கிய ஒரு கத்தோலிக்கரின் வீட்டு நிழலில் அந்த இளைஞர் ஊன்றி நின்றார். 1833-இல் நண்பர்களோடு சேர்ந்து, இன்று நம் பங்குகளில் ஏழைகளைச் சந்திக்கும் வின்சென்ட் தே பவுல் சபையைத் தொடங்கினார். 1997-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரை அருளாளராக உயர்த்தினார்.

பெற்றோர்க்குச் சில சொற்கள்

அறை தேடப் புறப்படும் குடும்பங்களுக்கு நாம் கற்றவற்றைச் சுருங்கச் சொல்லுகிறோம்.

முதலில் விடுதியைப் பாருங்கள். மனுச் செய்யும் நாளைச் சேர்க்கை நாளன்றே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அரசு நடத்தும் மாணவர் விடுதிகளும் உள்ளன. 2025 முதல் அவற்றுக்குச் சமூகநீதி விடுதிகள் என்று பெயர். பெண்பிள்ளைகளைத் தனியார் விடுதியில் சேர்ப்பதாயின், 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது பதிவு பெற்றதா என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

தனியறை எடுப்பதாயின் எழுத்து மூலம் ஒப்பந்தம் வேண்டும். 2017-இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, முன்பணத்திற்கு மூன்று மாத வாடகையையே உச்ச அளவாக வைக்கிறது. பத்து மாதம் என்பது பழைய பழக்கம். மின்கட்டணம் யூனிட்டுக்கு எவ்வளவு, தண்ணீர் எந்த நேரம், அறையை விடும்போது வண்ணம் பூசப் பிடித்தம் உண்டா, எத்தனை மாதம் முன்னால் அறிவிக்கவேண்டும் என்பவற்றை முதல் நாளே கேட்டு எழுதி வாங்குங்கள். படத்தைப் பார்த்துப் பணம் அனுப்பாதீர்கள். பகலில் ஒரு முறையும் இரவில் ஒரு முறையும் நேரில் பாருங்கள்.

இவற்றுக்கெல்லாம் மேலாக, நம் கம்பைநல்லூர்த் தாய் கேட்ட கேள்வியைக் கேளுங்கள்: என் பிள்ளை எழவில்லை என்றால் யாருக்குத் தெரியும்? இதற்கு ஒருவர் பெயரையாவது சொல்லமுடியாத இடம் எவ்வளவு பளபளத்தாலும் அது நமக்கு வேண்டாம்.

கார்த்திகையில் வந்த செய்தி

கார்த்திகை மாதத்து அடைமழையில் ஒரு நாள் பிள்ளை தொலைபேசியில் அழைத்தான். அவன் குரலில் ஒரு நடுக்கம். காய்ச்சலோ என்று அஞ்சினோம்.

"எனக்கு ஒன்றுமில்லை, சாமி. எதிர் அறை அண்ணன்தான். வீட்டுக்காரர்கள் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். நேற்றிலிருந்து அண்ணன் கதவு திறக்கவில்லை. படிக்கிறார் போலிருக்கிறது, தொந்தரவு செய்யக்கூடாது என்று முதலில் விட்டுவிட்டேன். இரவு நீங்கள் வண்டியில் சொன்ன கதை ஞாபகம் வந்தது. போய்த் தட்டினேன். நல்ல காய்ச்சல், சாமி, எழுந்திருக்கவே முடியவில்லை. ஆட்டோ பிடித்து அரசு மருத்துவமனைக்குக் கூட்டிவந்துவிட்டேன். இரத்தம் எடுத்திருக்கிறார்கள். பக்கத்தில்தான் இருக்கிறேன்."

நாம் ஒரு கணம் பேச இயலாமல் நின்றோம். பல ஆண்டுகளுக்கு முன் நாம் தவறவிட்ட கதவொன்றை, கோவில் திண்ணையில் படித்த பிள்ளை தட்டித் திறந்துவிட்டான். அந்த மாணவன் ஐந்தாம் நாள் நலமாகி அறைக்குத் திரும்பினான். நம் பிள்ளையோ அந்த வாரத் தேர்வொன்றை எழுதவில்லை. அதற்காக அவன் வருந்தியதாகவும் தெரியவில்லை.

இப்போது நம் பங்கில் ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறோம். வெளியூரில் பயிலும் ஒவ்வொரு பிள்ளையின் முகவரி, வீட்டுக்காரர் எண், அடுத்த அறைக்காரர் எண், அருகிலுள்ள பங்குக் கோவில் ஆகியவை அதில் உள்ளன. புறப்படும் பிள்ளையின் கையில் அந்த நகரத்துப் பங்குத்தந்தைக்கு ஒரு கடிதமும் கொடுத்தனுப்புகிறோம். பிள்ளைகள் தாயகம் திரும்பும் நாள்வரை அவர்களுக்காக மாலைச் செபமாலையில் ஒரு மணி சேர்த்துச் சொல்லும்படி குடும்பங்களை வேண்டியுள்ளோம். மற்றப் பங்குகளும் இவ்வாறு செய்தால் நலம்.

நகரத்தில் வாழும் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கும் ஒரு விண்ணப்பம். உங்கள் தெருவில், உங்கள் மாடியில், யாரோ ஒரு தாயின் பிள்ளை சாத்திய கதவுக்குப் பின்னே படித்துக்கொண்டிருக்கிறான். அவன் எந்த ஊர், எந்தச் சமயம் என்று பாராமல், வாரம் ஒருமுறையாவது, 'தம்பி, சாப்பிட்டாயா?' என்று கேளுங்கள்.